பொதிக்குள் திறத்தல் என்னும் பொய்த்தோற்றம்

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களின் கண்ணகை அம்மன் கோயில்களில், வைகாசித் திங்களில் கதவு திறந்து, வழக்குரை பாடிக் குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். அவ்வழக்குரையை ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிக் காத்தோர்க்கு ஓர் உண்மை தெளிவாயிருந்தது: மூலஏடு வேறு, பெயர்த்த படி வேறு. படியிற் செய்த திருத்தம் மூலத்தில் தானாக ஏறுவதில்லை. இவ்வெளிய உண்மையை இன்றைய கணினிக் கருவிகள் மறைத்துவிட்டன என்பதே ஈண்டு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

வந்தாறுமூலை வளாகத்து மாணவி ஒருத்தி, போரிலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் உறவுகளை இழந்தோரின் வாய்மொழிகளை எழுத்தாக்கி, கடவுச்சொல்லிட்ட ஸிப் பொதியொன்றில் வைத்திருக்கின்றாள் எனக் கொள்வோம். பெயர்களை வெளியிடுவதில்லை என அவர்களுக்கு அவள் வாக்களித்திருக்கின்றாள். பொதியைச் சொடுக்கியதும் உள்ளிருக்கும் கோப்புகள் சாதாரண உறையிற் போலவே வரிசையாகத் தோன்றுகின்றன. ஒன்றைத் திறந்து இரண்டு மணிநேரம் திருத்துகின்றாள். அவள் திருத்தியது எதனை?

பொதியிலுள்ள கோப்பினை அன்று. சுருக்கப்பட்ட கோப்பினை எழுத்துச் செயலிகள் நேரே படித்தல் இயலாது. ஆகவே கருவியானது அக்கோப்பினை மட்டும் விரித்து, வன்தட்டின் தற்காலிக உறையொன்றில் படியாக இட்டு, அப்படியையே திறந்து காட்டுகின்றது. செவன்-ஸிப், வின்ரார் ஆகியன, திருத்தம் நிகழ்ந்திருப்பின் பொதியையும் புதுப்பிக்கவோ என வினவுகின்றன. ஆயின் பொதியின் சாளரத்தை முந்தி மூடிவிட்டால் அத்திருத்தம் பொதியைச் சேராது போகக்கூடும். விண்டோஸின் கோப்பு உலாவியோ அவ்வாறு வினவுவதுமில்லை. திருத்தத்தைத் தானாகப் பொதிக்கு மீட்பதுமில்லை. ரார் வகைப் பொதிக்குள் எழுதும் ஆற்றல் செவன்-ஸிப்புக்கு இல்லவே இல்லை.

இழப்பினும் கொடியது கசிவு. கடவுச்சொல் காப்பது பொதியை மட்டுமே. விரித்த படியை அன்று. கருவி இடையில் நின்றுபோயின், பூட்டப்படாத அப்படி தற்காலிக உறையிலேயே எஞ்சலாம். பலர் பயன்படுத்தும் ஆய்வுகூடக் கணினியில், ஒரு தாயின் வாக்குமூலம் அடுத்து வந்து அமர்பவர் கைக்கு எட்டுவதாய்விடும்.

“இஃது அறியாதார் பிழை, கருவியின் பிழையன்று” என்பர் சிலர். உறையல்லாததை உறையெனக் காட்டியது யார்? பூட்டும் கதவும் வரைந்த சுவரை வீடென்று விற்றவன், நுழைந்தவனின் நெற்றி உடைந்தமைக்கு அவன் கண்ணைப் பழித்தல் முறையாகுமா? இன்னுஞ் சிலர், முழுப்பொதியையும் விரித்தல் காலவிரயம் என்பர். படித்தற்கு மட்டுமாயின் அது நியாயமே. 1989 இல் பில் கட்ஸ் வகுத்த ஸிப் அமைப்பில் கோப்புகளின் அட்டவணை பொதியின் இறுதியில் உள்ளது. அதனால் ஒரு கோப்பினைத் தனியே எடுத்தல் எளிது. ஆயின் பல கோப்புகளை ஒருசேரச் சுருக்கும் செவன்-ஸிப் பொதிகளில், ஒன்றை எடுக்க அதற்கு முன்னுள்ளவற்றையும் விரித்தே ஆகவேண்டும். எனவே காலமிச்சம் என்னும் வாதமும் எங்கும் பொருந்துவதன்று.

மக்கின்ரோஷ் கணினியின் இயல்பான கருவி பொதியை அருகிலேயே முழுதாக விரித்துவிடுகின்றது. அங்கே விரித்தது எது, பொதி எது என்பதில் மயக்கமில்லை. ஏனைய கருவிகளும் திறக்கும்போதே “இது படி” என அறிவித்தல் வேண்டும். பொதி புதுப்பிக்கப்படுமுன் சாளரத்தை மூட விடலாகாது. பூட்டிய பொதியின் படியை எஞ்சவிடலாகாது.

அதுவரை பல்கலைக்கழகத் துறைகள் வாளாவிருத்தல் தகாது. ஆய்வு நெறிமுறையைக் கற்பிக்கும் முதல் வகுப்பிலேயே, முதலில் விரித்தல், பின்னர் திருத்தல், இறுதியில் மீளப் பொதிந்து விரித்த படிகளை அழித்தல் என்னும் ஒழுங்கினையும் கற்பித்தல் வேண்டும். வாவிக்கரைத் தாய் நம்பியது கருவியை அன்று. கேட்க வந்த மாணவியை.