படப்பெயரும் படப்பேச்சும்

தமிழாசிரியன் திரைப்படம் பார்க்கலாமா என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். பார்க்கலாம்; பார்த்தபின் வாளா இருத்தல்தான் அரிது. புறத்திணை பன்னிரண்டினையும் வகுப்பில் விளக்கிவிட்டு மறுநாள் கேட்டால், மாணவர்க்கு ஏழு மறந்து போகின்றன. படத்தலைவன் கைவிரலைச் சொடுக்கிக் கூறிய முழக்கவுரை மட்டும் ஓரெழுத்தும் பிறழாமல் நாவில் நிற்கின்றது. மாணவர் உள்ளம் எங்கே குடியிருக்கின்றதோ அவ்வீட்டை ஆசிரியன் ஒருமுறையேனும் எட்டிப் பார்க்க வேண்டுமன்றோ? ஆதலின் 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளிவந்த படங்கள் சிலவற்றைக் கொட்டகையிலும் வீட்டுத் திரையிலுமாகப் பார்த்து முடித்தேன். உடல்நலத்திற்கு ஊறொன்றும் நேரவில்லை. செவிக்கு மட்டும் சிறிது நேர்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நம்மவர் கண் முதலிற் செல்வது படத்தின் பெயர்மேல். ‘குட் பேட் அக்லி’ என்றொரு படம் 2025இல் வந்தது. ஆங்கிலம் என்பதை விட்டுத்தள்ளுங்கள். அவ்வாங்கிலத்திற்கேனும் ஓர் ஒழுங்கு வேண்டாவா? மூன்றும் பண்பை உணர்த்தும் அடைமொழிகள். அவை தழுவுதற்குரிய பெயர்ச்சொல் ஒன்றேனும் இல்லை. மூன்று மாலைகளைத் தொடுத்துவிட்டுக் கழுத்தைத் தேடுவது போன்றது அது. 2024இல் வந்த இன்னொரு படத்தை மாணவர் ‘கோட்’ என்றே சுருக்கி வழங்கினர். கோட் எனின் ஆடாயிற்றே, எத்தனையாவது காட்சியில் ஆடு வருகின்றது, முல்லைத்திணைக்குக் காட்டாக்கலாமா என்று கேட்டேன். ஆங்கிலச் சொற்கள் நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அவ்வாறு வரும் என்று தலையிலடித்துக்கொண்டு விளக்கினர். எல்லாக் காலத்திற்கும் தலைசிறந்தவன் என்பது பொருளாம். அத்தகையானுக்குத் தாய்மொழியில் ஒரு பெயர் கிட்டவில்லை.

தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு உண்டென்று தமிழக அரசு 2006ஆம் ஆண்டு அறிவித்தபோது, படமெடுப்பார்க்குத் தமிழ்ப்பற்று ஓரிரவில் பெருக்கெடுத்ததை நாம் கண்டோம். ‘சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்’ என்றிருந்தது சம்திங்குகள் இரண்டையும் உதறிவிட்டு ‘உனக்கும் எனக்கும்’ என்றாயிற்று. மகிழ்ந்தோம். ஆயினும் அதே ஆண்டில் ‘எம்டன் மகன்’ என்றிருந்த படம் ‘எம் மகன்’ என்று மாறியதை எண்ணின் எனக்கு இன்றும் நகைப்பு வருகின்றது. எம்டன் என்பது 1914ஆம் ஆண்டு செபுதம்பரில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த செருமானியப் போர்க்கப்பல். அது வந்து போனபின், அஞ்சத்தக்க சூழ்ச்சிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் மக்கள் வழங்கத் தொடங்கினர். வீட்டையே நடுங்க வைக்கும் தந்தைக்கு அப்பெயர் அளவெடுத்துத் தைத்த சட்டைபோற் பொருந்தியது. கப்பலைக் கடலில் தள்ளியதும் தலைப்பு தூய்மையுற்றது. படத்தின் கதை தலைப்பிலிருந்து கழன்று விழுந்தது. 2017இல் வரிமுறையே மாறிவிட்டது. வரியின்பொருட்டு வந்த பெயர்கள் வரியோடு போயின. இன்று சுவரொட்டிகளைப் பார்ப்பார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அதனால், பெயரளவில் நின்றுவிடாது உள்ளே நுழைந்து, மாந்தர் என்ன பேசுகின்றனர் என்று கேட்டுப் பார்ப்போம் எனத் துணிந்தேன்.

‘விடாமுயற்சி’ (2025) என்னும் பெயரைக் கண்டு என் உள்ளம் குளிர்ந்தது. விடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தத் தக்க தலைப்பு. உள்ளே போனாலோ, கதை முழுதும் அசர்பைசான் நாட்டில் நடக்கின்றது. ஆளரவமற்ற பாலை நெடுஞ்சாலையில் தலைவனின் வண்டி பழுதுற்று நிற்க, உதவ வரும் சரக்குந்துக்காரர் தமிழர். உடன் இருக்கும் அவர் மனைவியும் தமிழர். தமிழ் உலகெங்கும் பரவ வேண்டும் என்று நாம் மேடைதோறும் முழங்குவதை யாரோ நிறைவேற்றி வைத்துவிட்டனர்! கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் உரையாடலிற் பாதி ஆங்கிலம் என்பதனால் அம்மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. தலைப்புப் பலகை தமிழ், கடைச்சரக்கு வேறு.

இனி என் செவிக்கு நேர்ந்ததைக் கூறுவேன். 2024 நவம்பரில் வந்த ‘கங்குவா’, கிறித்துவுக்குப் பின் 1070ஆம் ஆண்டில் தீவுகளில் வாழ்ந்த குடிகளைக் காட்டுகின்றது. அம்மாந்தர் வடசொற் கலவாது, ஆங்கிலம் அறவே கலவாது, ஏறத்தாழ நம் இதழின் நடையிலேயே பேச முற்படுகின்றனர். இவ்வளவு பெரும்பொருட் செலவில் தனித்தமிழைத் திரையில் ஏற்றியவர்க்கு நன்றி கூற எழுந்தேன். ஆனால் அவர்கள் பேசியது என்ன என்பதைத்தான் கேட்க முடியவில்லை. முரசு, முழவு, கூக்குரல், அவற்றின்மேல் பின்னும் ஒரு கூக்குரல். படம் வெளிவந்த உடனே இரைச்சலைப் பற்றிக் குறை எழ, ஒலியளவை இரண்டு படி குறைக்குமாறு கொட்டகையாரைக் கேட்டுக்கொண்டதாகப் படமெடுத்தவரே அறிவிக்க நேர்ந்தது. யான் அமர்ந்திருந்த கொட்டகையில் எவரும் குறைத்ததாகத் தெரியவில்லை. பண்டைத் தமிழர் போரிற் சிறந்தவர் என்பது உண்மை. ஆயினும் உப்பு வேண்டுமென்று கேட்பதற்கும் நாடி நரம்பு புடைக்கக் கத்தியிருப்பாரோ?

இவ்விரைச்சலுக்கு மருந்து அதே 2024 ஆகத்தில் வந்த ‘கொட்டுக்காளி’. பிடிவாதக்காரப் பெண்ணைக் குறிக்கும் மதுரை வட்டாரச் சொல் இது. வினோத்ராசு இயக்கிய இப்படத்திற்குப் பின்னணி இசையே இல்லை. தானியின் உறுமலும் சேவலின் கூவலும் காற்றுமே இசை. வேறொருவனை விரும்பும் பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டதாக எண்ணி, உறவினரெல்லாம் அவளைத் தானியில் ஏற்றிப் பேயோட்டியிடம் கொண்டுசெல்கின்றனர். தலைவனுக்கோ தொண்டை கட்டிப்போய்க் கழுத்தெல்லாம் சுண்ணாம்பு, குரல் எழவில்லை. தலைவியோ படம் முழுதும் ஒரே ஒருமுறைதான் வாய் திறக்கின்றாள். குரலற்றவன் ஒருவன், பேச மறுப்பவள் ஒருத்தி. இடையே ஓயாது பேசுவோர் சுற்றத்தார் மட்டுமே. வழியில் மாடொன்று குறுக்கே நின்றுகொண்டு நகர மறுக்க, மீசை முறுக்கிய ஆடவர் அத்தனை பேரும் செய்வதறியாது நிற்கின்றனர்; சிறுமி ஒருத்தி வந்து அதனை எளிதாக ஓட்டிச் செல்கின்றாள். நான் வாய்விட்டுச் சிரித்த காட்சி அது. கொட்டகையில் என்னொடு சேர்த்துப் பதினொருவர் இருந்தோம்.

‘லப்பர் பந்து’ (2024) என்னும் பெயர் என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. ரகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய நெறி. அதனைக் கற்றறியாத நம் சிற்றூர் மக்களின் நாவும் ‘ரப்பர்’ என்பதை ஏற்க மறுத்து ‘லப்பர்’ என்று திருத்திக்கொண்டது. ஆனால் லகரமும் மொழிக்கு முதலாகாதே! ‘இலப்பர்’ என்று ஓர் இகரத்தை முன்னே இட்டிருந்தால் நிறைவாக உறங்கியிருப்பேன். படம் நல்ல படம். மாமனாராக வரவேண்டியவரும் மருமகனாக வரவேண்டியவனும் ஊர்த் திடலில் மட்டைப்பந்தாட்டப் பகைவர்கள். சாதியைக் கருதி அணியில் இடம் மறுக்கப்படும் இளைஞனின் வலியைத் தமிழரசன் பச்சமுத்து சொற்பொழிவின்றிக் காட்டுகின்றார். ஆட்டப்பித்துப் பிடித்த கணவனை அடக்க மனைவி உழவுந்தை ஓட்டிக்கொண்டு ஆடுகளத்துக்குள் புகுந்துவிடுகின்றாளே, அதற்கு இணையான போர்க்களக் காட்சி ‘கங்குவா’வில் இல்லை.

2025இல் ‘கூலி’ வந்தது. திருவள்ளுவர் ஆண்ட சொல். தலைப்பில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் படத்தில் கூலியைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் பிணமெரிக்கும் பொறியைப் பற்றிய பேச்சே மிகுதி. கூலி என்றால் என்ன என்று அறிய விரும்புவார் மாரி செல்வராசின் ‘வாழை’யைப் (2024) பார்க்க வேண்டும். வாழைத்தார் சுமப்போர் தார் ஒன்றுக்கு ஓர் உருபா கூட்டிக் கேட்கின்றனர். அந்த ஓர் உருபாவில் உயிர்கள் தொங்குகின்றன. அதில் வரும் சிறுவன் பள்ளி விடுமுறை என்றாலே கலங்குகின்றான். விடுமுறைக்கு வருந்தும் மாணவனைத் திரையிலேனும் காணக் கிடைத்ததே என்று தொடக்கத்தில் நகைத்தேன். விடுமுறை நாளில் அவன் தலையில் தார் ஏறுகின்றது என்று விளங்கியதும் என் நகை அடங்கியது. தார் எது, குலை எது, சீப்பு எது என்று மறுநாள் வகுப்பில் கேட்டேன். நாற்பத்திருவரில் மூவர் விடை கூறினர். மூவரும் தாமே சுமந்தவர்கள்.

‘மெய்யழகன்’ (2024) ஒரு வேடிக்கையான புதிர். பிறந்த மண்ணாகிய தஞ்சையைப் பிரிந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் நீடாமங்கலத் திருமணத்திற்கு வருகின்றான் அருள்மொழி. அங்கே ஓர் உறவினன் அன்பு மழையில் நனைக்கின்றான். அவன் பெயர் மட்டும் அருள்மொழிக்கு நினைவில்லை. கேட்கவும் நாணம். நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்ட பெயரைக் கொட்டகையில் உள்ளார் அனைவரும் அறிவர். தலைவன் ஒருவனே அறியான். இதனை வைத்துக்கொண்டு பிரேம்குமார் ஓர் இரவு முழுதும் இருவரையும் பேசவிட்டிருக்கின்றார். மிதிவண்டி, காளை, கரிகாலன், வயல், வாய்க்கால், உறவு என்று பேச்சு ஓடுகின்றது. நீளம் மிகுதியென்று வெளிவந்த சின்னாளிலேயே ஏறத்தாழ 18 மணித்துளிகளை வெட்டினர். தமிழன் தமிழனோடு அமர்ந்து பேசுவது மிகையாம்! சண்டை மிகுதி என்று எந்தப் படத்தையேனும் எவரேனும் வெட்டியதாக யான் கேட்டிலேன்.

கடைசியாகப் பார்த்தது 2025 மே முதல் நாளில் வந்த படம். அதன் பெயரைக் கிரந்தம் நீக்கி எழுதின் ‘டூரிசுட்டு பேமிலி’ என்றாகும். டகரமும் மொழிக்கு முதலாகாது, சொல்லும் தமிழன்று. ‘விடாமுயற்சி’க்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்த நான் இதற்குச் சுழி இட்டுவிட்டே உள்ளே நுழைந்தேன். இலங்கையில் நேர்ந்த பொருளியல் நெருக்கடியால் பிழைக்க வழியின்றிப் படகேறி இராமேசுவரத்தில் இறங்குகின்றது ஓர் ஈழத்தமிழ்க் குடும்பம். சென்னைக்கு வந்ததும் அவர்களுக்குக் கூறப்படும் அறிவுரை யாது? வாய் திறவாதீர், திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும், எவரேனும் கேட்டால் கேரளத்தார் என்று கூறிவிடுங்கள்! கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிக்குமுன் தொண்டையில் ஏதோ தடுத்தது. தமிழன் தமிழ்நாட்டுத் தலைநகரில் வாழ வேண்டுமாயின் தன் தமிழை மறைக்க வேண்டும். மலையாளி என்று கூறின் தப்பலாம். ‘குட் மார்னிங்’ என்பானை நம்மவன் என்றும் ‘ஓம்’ என்பானை அயலான் என்றும் கொள்ளும் செவி நமக்கு எப்போது வாய்த்தது? இயலாது என்பதை ‘ஏலாது’ என்றும் அழகை ‘வடிவு’ என்றும் அவர்கள் பேசுவது நம் பழைய நூல்களின் சொல்லன்றோ! சசிகுமாரின் நாவில் இடையிடையே மதுரை எட்டிப் பார்க்கின்றது என்பது உண்மைதான். எனினும் அப்படத்தை மும்முறை பார்த்தேன். தலைப்பிற்கு இட்ட சுழியை மாற்றவில்லை. படத்திற்குத் தனித்தாளில் மதிப்பெண் இட்டுள்ளேன்.

மூன்றாம் முறை பார்க்கையில் பின்வரிசையில் ஒரு சிறுமி, “அம்மா, இவங்க எந்த மொழி பேசுறாங்க?” என்று கேட்டாள். “நம்ம மொழிதான், பேசாம பாரு” என்றார் தாய். அவ்வம்மையார் யாரென அறியேன். அறிந்திருப்பின் எங்கள் பள்ளியிற் பாடம் நடத்த அழைத்திருப்பேன்.

இனிப் பார்க்க எடுத்து வைத்திருப்பது ‘பைசன் காளமாடன்’ (2025). முற்பாதி மாணவர்க்கு, பிற்பாதி எனக்கு என்று தலைப்பைப் பங்கிட்டுக்கொண்டு, வரும் ஞாயிறு மாலை என் வீட்டில் அமரவிருக்கின்றோம். சுண்டல் உண்டு.