முங்கி எழுந்தால் கலையா?



இரண்டு நாளாகக் குழுவில் ஒரே சிரிப்பு. டெல்லிக் கலைஞர் அதுல் பல்லா, யமுனையில் படிப்படியாக மூழ்கும் தன்னையே 2005-இல் படமெடுத்து வைத்தார். அதைப் போட்டு, "இதெல்லாம் கலையா? என் பேரன்கூடச் செய்வான்" என்கிறீர்கள்.

செய்வான்தான். ஆனால் டெல்லி யமுனையில் அவனை இறங்க விடுவீர்களா? மாட்டீர்கள். ஏன் மாட்டீர்கள் என்பதுதான் அந்தப் படம் கேட்கிற கேள்வி. கும்பிடுகிற ஆறு உடம்பில் பட்டால் அருவருப்பு என்றால், கோளாறு கலைஞனிடமா இருக்கிறது?

"அவர் முங்கியதால் ஆறு சுத்தமாயிற்றா?" என்று ஒரு தம்பி கேட்டான். ஆகவில்லை. 1993-இல் தொடங்கிய யமுனை செயல்திட்டத்தாலும்தான் ஆகவில்லை. அதற்காகப் பொறியாளரே வேண்டாம் என்போமா? சுத்தம் செய்வது அவர் வேலை. நாம் எதைப் பார்க்காமல் பாலத்தின் மேல் போகிறோம் என்று காட்டுவது இவர் வேலை.

"நிலைத்து நிற்கிற மாதிரி ஒன்றுமில்லையே" என்பது இன்னொரு குறை. மார்கழிக் கோலம் நிற்கிறதா? விடியலில் குனிந்து அரிசிமாவில் போட்டது, பத்து மணிக்குள் எறும்புக்கும் செருப்புக்கும் போய்விடுகிறது. உடம்பு, நேரம், மண் மூன்றும் அதில் உண்டு. எந்தப் பாட்டியிடமாவது "இது எதற்கு?" என்று கேட்டோமா?

நம்ம ஊருக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் அடையாறு வந்தது. அன்றைக்கு யாரும் சென்டிமீட்டரில் பேசவில்லை. முழங்கால், இடுப்பு, மார்பு என்றுதான் சொன்னோம். உடம்புதான் அளவுகோல். அப்புறம் சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டின் மேல் பெயின்ட் அடித்தோம். ஆற்றோரம் மனை விற்பனைக்கு வந்தால் இன்றும் விலை விசாரிக்கிறோம்.

பல்லா அழிய விடாமல் வைத்திருப்பது அந்தக் கோட்டைத்தான். நாம் அழித்தோம், அவர் எடுத்து மாட்டினார். சிரிப்புக்குரியவர் யார்?

சிரித்தவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தெருப் பெயரைப் போட்டு, அன்று தண்ணீர் உங்கள் உடம்பில் எதுவரை வந்தது என்று கீழே எழுதுங்கள். மனை வாங்கப்போகிற உங்கள் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்.