கார் ஷெட் கதையும் பூட்டிய லேபும்

கம்ப்யூட்டரைச் சாமானியன் கையில் கொடுத்தது கலிபோர்னியாவில் ஒரு கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள்தானாம். வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது இந்தக் கதை வந்துவிடுகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான். ஆப்பிள் கம்பெனி பிறந்தது 1976-ல். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1964 மே 1 விடியற்காலையில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அந்தக் காரியம் நடந்துவிட்டது.

அட்டை யுகம் நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். புரோகிராமை அட்டைகளில் துளை போட்டு, கட்டாகக் கட்டி, ஜன்னலில் கொடுத்துவிட்டு வரவேண்டும். விடை மறுநாள். ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருந்தால் இன்னொரு நாள். மெஷின் நேரம் தங்கம், மனுஷன் நேரம் தவிடு.

ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணக்கு வாத்தியார்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். மெஷின் ஒன்றுதான், அதோடு இணைத்த டெலிடைப்புகள் பல. இவருக்குக் கொஞ்ச நேரம், அவருக்குக் கொஞ்ச நேரம் என்று மெஷின் தாவிக்கொண்டே இருக்கும். ஒருவர் யோசித்து டைப் அடிப்பதற்குள் மற்றவர்கள் வேலை முடிந்துவிடும். எம்.ஐ.டி.யில் கோர்பட்டோ 1961-லேயே இதைச் செய்து காட்டினார், அந்தப் பெருமையை நான் பறிக்கவில்லை. ஆனால் டார்ட்மத்தில் சரித்திரம் படிக்க வந்த பையனும் வந்து உட்காரலாம். காசு கிடையாது, யார் கையெழுத்தும் வேண்டாம். நூலகத்தில் புத்தக அலமாரியைத் திறந்து வைப்பதுபோல என்பது கெமனியின் கணக்கு. அந்தப் பையனுக்காகவே பேசிக் மொழியையும் உருவாக்கினார்கள். இன்னொன்று, அந்த சிஸ்டத்தின் புரோகிராம்களை எழுதியதில் பெரும்பங்கு பட்டப்படிப்பு மாணவர்களுடையது. நம் பேராசிரியர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

ஓசியில் விட்டால் விளையாடியே தீர்த்துவிடுவார்களே என்பார்கள். விளையாடத்தான் செய்தார்கள். கெமனியே அமெரிக்கக் கால்பந்து விளையாட்டு ஒன்றை எழுதினார். பின்னால் அவர்தான் அந்தக் கல்லூரிக்குத் தலைவரும் ஆனார், கல்லூரி ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

இங்கே என் பேரன் படிக்கும் கல்லூரியில் லேப் வாரத்துக்கு இரண்டு பீரியட். மீதி நேரம் பூட்டு, சாவி அட்டெண்டர் இடுப்பில். ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு அவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். இவர்கள் அறுபது மெஷினை வாங்கி, ஏ.சி. போட்டு, பூட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று போய்க் கேட்டேன். "பசங்க கெடுத்துடுவாங்க சார்" என்றார்கள். ஃபீஸ் ரசீதில் மட்டும் லேப் கட்டணம் தனியாக இருக்கிறது.