சட்டம் மலையேற வேண்டும்!

நிலத்துக்கு வேலி உண்டு; நீருக்கு மடை உண்டு. வேலியைத் தாண்டினாலும் மடையை உடைத்தாலும் வழக்குத் தொடுக்க மன்றம் உண்டு. காற்றுக்கோ வேலியும் இல்லை, மடையும் இல்லை. ஆகவேதான் பிறர் சுவாசிக்கும் காற்றில் தன் புகையைக் கொட்டுகிறவன், தான் ஒரு தீங்கு செய்ததாகவே எண்ணுவதில்லை.

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் மலைப்பாதையில் பஸ்களும் கொழுந்து லொறிகளும் தாழ்ந்த கியரில் முனகிக்கொண்டே ஏறுகின்றன. சுமை கூடிய இயந்திரம் மிகுதியான புகையைத் தள்ளுகிறது. மாலையானதும் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் படிந்து, புகையை மேலெழவிடாமல் மூடிவிடுகிறது. அதே பள்ளத்தாக்கில்தான் தேயிலைத் தொழிற்சாலையின் விறகு உலைப் புகையும், லயங்களின் அடுப்புப் புகையும் வந்து சேர்கின்றன. கொழும்பின் புகையைப் பற்றிப் பேசப் பலர் உண்டு. மலையின் புகையைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்?

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. அதன் பெயர் ஊக்கி. தான் அழியாமல், இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருளையே விஞ்ஞானம் ஊக்கி என்கிறது. மோட்டார் வாகனத்தின் புகைக்குழாயில் தேன்கூடு போன்ற ஓர் அமைப்பைப் பொருத்தி, அதன் துளைகளின் உட்சுவரில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். ஏறத்தாழ 250 முதல் 300 பாகை வரை அது சூடேறியதும் தன் வேலையைத் தொடங்குகிறது. உயிர்கொல்லியான காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டாக மாறுகிறது. எரியாத எரிபொருள் ஆவி எரிந்து தீர்கிறது. நைதரசன் ஒட்சைட்டுகள், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே உள்ள தீங்கற்ற நைதரசனாகத் திரும்புகின்றன. மூன்று நஞ்சுகளுக்கும் ஒரே பெட்டியில் மாற்று! பெற்றோல் வாகனத்துக்கான ஏற்பாடு இது. டீசல் வாகனத்துக்கு வேறு வகை ஊக்கியும், கரித்துகளைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியும் வேண்டும்.

விவசாயப் பெருமக்கள், "வாகனப் புகைக்கும் என் வயலுக்கும் என்ன உறவு?" என்று கேட்கலாம். நைதரசன் ஒட்சைட்டும் எரிபொருள் ஆவியும் வெயிலில் கூடினால் தரையை ஒட்டிய காற்றில் ஓசோன் உண்டாகிறது. அது மனிதனின் நுரையீரலை மட்டுமன்றிப் பயிரின் இலையையும் பதம்பார்க்கும், விளைச்சலைக் குறைக்கும். வண்டி வைத்திருப்பவனுக்கும் வண்டியே இல்லாதவனுக்கும் இந்த நட்டத்தில் பங்கு உண்டு.

இத்தகைய கருவி வெளிவந்ததும் உலகம் அதை ஓடிச்சென்று பொருத்திக்கொண்டதா? இல்லை. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியியலாளர் யூஜின் ஹூட்ரி, 1950களிலேயே வாகனத்துக்கான ஊக்கிக் கருவியை ஆக்கினார். அது பரவவில்லை. பெற்றோலில் கலந்திருந்த ஈயம் ஊக்கியின் மேற்பரப்பை மூடிச் செயலிழக்கச் செய்தது ஒரு காரணம். அதைப் பொருத்தும்படி எவரையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பது மற்றொரு காரணம். 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. வாகன உற்பத்தியாளர் இயலாது என்றனர், தவணை கேட்டனர், தவணையும் பெற்றனர். ஆயினும் 1975ஆம் ஆண்டின் புதிய கார்களில் பெரும்பாலானவை ஊக்கியுடனேயே வெளிவந்தன. ஈயமற்ற பெற்றோலும் உடன் வந்தது. விஞ்ஞானம் கருவியைக் கொடுத்தது. சட்டமே அதை வீதிக்குக் கொண்டுவந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தடுப்புக் கருவி பழுதானால் ஓட்டுகிறவன் உயிருக்கு ஆபத்து. எனவே அவனே அதைத் திருத்திக்கொள்வான். ஊக்கி இல்லாவிட்டாலோ வண்டி வழக்கம்போல் ஓடும். அதற்கான செலவு உரிமையாளனுடையது. பயனோ வழியில் நடந்து செல்கிறவனுடையது. தன் காசைக் கொடுத்துப் பிறன் நுரையீரலைக் காப்பவர் சிலர் இருக்கலாம். அச்சிலரை நம்பி ஒரு நாடு தன் காற்றை ஒப்படைக்க முடியாது.

இந்தியாவிலும் இதுவே நடந்தது. 1985இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா டில்லியின் காற்றுக்காக உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1995 ஏப்ரலிலிருந்து டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் புதிய பெற்றோல் கார்களுக்கு ஊக்கி கட்டாயமாயிற்று. இலங்கையில் வழக்கறிஞர் லலநாத் டி சில்வா, 1998இல் 569ஆம் இலக்க அடிப்படை உரிமை மனுவுடன் உயர் நீதிமன்றத்தின் படியேறினார். அதன் பின்னரே வாகனப் புகைக்கான அளவுகள் வர்த்தமானியில் இடம்பெற்றன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்தது. 2008இல் மேல் மாகாணத்தில் புகைப் பரிசோதனை தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது. சான்றிதழ் இன்றேல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை என்பது நல்ல விதியே. அதை நாம் குறைகூறவில்லை. அது பாதி வழியில் நின்றுவிட்டது என்பதே நமது முறையீடு.

முதலாவது குறை எரிபொருளில் உள்ளது. பெற்றோல் ஊக்கிக்கு ஈயம் பகை என்றால், டீசல் ஊக்கிக்குக் கந்தகம் பகை. 2018இல் யூரோ 4 தரத்திலான சுப்பர் டீசல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. பத்து இலட்சம் பங்கில் 50 பங்குக்கு மேற்படாத கந்தகம் என்பதே டீசலுக்கான அத்தர வரையறை. ஆனால் மலையேறும் பஸ்ஸும் லொறியும் அதனையா நிரப்புகின்றன? விலை குறைந்த, கந்தகம் கூடிய சாதாரண டீசலையே நிரப்புகின்றன. நல்ல டீசல் செல்வர் வாகனத்துக்கு, கந்தக டீசல் ஏழைகள் ஏறும் பஸ்ஸுக்கு என்றால், இது எரிபொருள் கொள்கையா, சாதிக் கொள்கையா?

இரண்டாவது குறை பரிசோதனையில் உள்ளது. பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டையும் எரியாத ஆவியையும் அளக்கிறார்கள். டீசல் வாகனத்தில் புகையின் கருமையை அளக்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத நைதரசன் ஒட்சைட்டு அளக்கப்படுவதில்லை. ஊக்கிப் பெட்டியின் உலோகத்துக்கு உலகெங்கும் பழைய இரும்புச் சந்தையில் நல்ல விலை உண்டு. திருடுவோரும் உளர், தாமே கழற்றி விற்போரும் உளர். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் நாட்டிலிருந்த வாகனங்களும் அவற்றின் ஊக்கிகளும் முதுமையடைந்தன. பெட்டி இருக்கிறதா, உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய காலம் இதுவே.

மூன்றாவது குறை, வீதியை விட்டு விலகிய புகையைச் சார்ந்தது. தேயிலைத் தொழிற்சாலை சுற்றாடல் பாதுகாப்பு உத்தரவுப்பத்திரம் பெற வேண்டிய தொழில். நிலையான மூலங்களின் புகைக்கு 2019இல் தனி ஒழுங்குவிதிகளும் வந்தன. ஏட்டில் விதி உண்டு. உலைவாயில் அளவெடுத்த கணக்கைத் தொழிலாளி எங்கே பார்ப்பது? லயத்து அடுப்போ எந்த விதியிலும் அடங்காது. சன்னல் குறுகிய சமையலறையில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவக்கும் தாய்க்கு எந்த வர்த்தமானி வந்தது? மேல்நாடுகளில் விறகு அடுப்புக்கும் ஊக்கி பொருத்துகிறார்கள். அதை நாம் இன்று கேட்கவில்லை. ஒரு நல்ல புகைபோக்கியும், உலர்ந்த விறகு வைக்க ஒரு கொட்டகையுமே கேட்கிறோம்.

"இவையெல்லாம் செலவு, பஸ் கட்டணம் ஏறும், கடைசியில் ஏழைதான் கொடுப்பான்" என்பர் சிலர். நியாயமான அச்சம், ஆகவே பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். செலவைப் பழைய முச்சக்கர வண்டிக்காரன் தலையில் சுமத்தாதீர்கள். எரிபொருளின் தரத்தைச் சுத்திகரிப்பு நிலையத்திலும் இறக்குமதி ஒப்பந்தத்திலும் உயர்த்துங்கள். ஊக்கியைத் துறைமுகத்தில் பாருங்கள். பொதுப் போக்குவரத்து பஸ்களிலிருந்து தொடங்குங்கள். காற்று கெட்டால் ஏழை கொடுக்கும் விலையும் இருக்கிறது: நாட்சம்பளக்காரன் மூச்சிரைப்புடன் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், அவன் அன்றைய பெயரும் விழுவதில்லை.

சட்டத்தின் பக்கம் நமக்கு வலிமை இல்லாமலில்லை. சுற்றாடலைப் பேணுவது அரசின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரை. அது நேரே வழக்காட இடந்தராத கோட்பாடு என்பது உண்மையே. ஆனால் சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12(1)ஆம் உறுப்புரை வழக்காட இடந்தருவது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்னிலைய எண்ணெய் கிணற்று நீரைக் கெடுத்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று கூறி, இரண்டு கோடி ரூபா நட்டஈட்டுக்குக் கட்டளையிட்டது. கிணற்றுக்கு உள்ள நீதி காற்றுக்கு ஏன் இல்லை?

ஆகவே நாம் கேட்பவை ஐந்து. நாட்டின் எல்லா டீசலும் குறைந்த கந்தகத் தரத்துக்கு வரும் நாளை அரசு திகதியிட்டு அறிவிக்கட்டும். ஊக்கியைக் கழற்றுவதும், கழற்றிய வாகனத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றமாகத் தெளிவாக எழுதப்படட்டும். பரிசோதனையில் ஊக்கியின் இருப்பும் நைதரசன் ஒட்சைட்டும் சேர்க்கப்படட்டும். ஒவ்வொரு தொழிற்சாலையின் புகைக் கணக்கும் அதன் வாயிலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்படட்டும். மலையகத்தில் எழும் ஒவ்வொரு புதிய வீட்டிலும், எஞ்சி நிற்கும் ஒவ்வொரு லயத்திலும் புகைபோக்கி அமைக்கப்படட்டும்.

இவற்றை யார் கேட்பது? பதுளையின் வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் கேட்க வேண்டும். வெலிமடையின் மரக்கறி விவசாயியும் மடுல்சீமையின் தொழிலாளியும் உடன் நின்று கேட்க வேண்டும். ஊக்கி தானே உலோகச் சுரங்கத்திலிருந்து எழுந்து புகைக்குழாயில் ஏறி அமர்வதில்லை. சட்டமும் தானே மலையேறி வருவதில்லை. ஓர் ஊர், ஒரு மனு, ஒரு கையொப்பம் என்று தொடங்கி, அதை ஏற்றிவிட வேண்டியவர்கள் நாமே!