நடு ஸ்பீக்கரும் வீட்டுத் தமிழும்

சித்தூர் அன்பர் ஒருவர் விடுத்திருக்கும் வினா ஒன்றே இம்மாதம் இப்பகுதியை நிரப்பப் போதுமானது. அவருடைய இல்லத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஹோம் தியேட்டர் ஒன்று இருக்கிறது. முன்னே இரண்டு ஸ்பீக்கர், பின்னே இரண்டு, மூலையில் ஒரு சப்-ஊஃபர். நடு ஸ்பீக்கர் மட்டும் இல்லை. வாங்கிய காலத்தில் அதனை வைக்க இடமில்லை என்று விட்டுவிட்டார்களாம். இப்போது அவருடைய தாயார், "பாட்டும் இடியும் காதைப் பிளக்கின்றன, பேசுகிறவர்கள் மட்டும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்" என்று குறைப்படுகிறார். ஒலியைக் கூட்டினால் அடுத்த வீட்டார் குறைப்படுகிறார்கள். இத்தனை பழைய கருவிக்கு இன்னும் ஒரு ஸ்பீக்கர் சேர்ப்பது தகுமா, அன்றி முழுவதையும் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதா என்பது அவர் கேள்வி.

பெரும்பாலும் தகும் என்பதே என் விடை. நான் பொறியியல் கற்றவன் அல்லன். பள்ளியிறுதியோடு நின்று ரயில்வே குமாஸ்தாவானவன். ஆயினும் இது பொறியியலைவிடக் காதைப் பற்றிய விஷயமாதலால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

மூன்று ஸ்பீக்கர் என்பது வியாபாரிகள் கட்டிவிட்ட கதை அன்று. 1933 ஏப்ரல் 27-ஆம் நாள் அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தார் ஒரு சோதனை நிகழ்த்தினர். பிலடெல்பியா நகரில் வாத்தியக் குழு வாசித்தது. வாஷிங்டன் மண்டபத்தில் இருந்தவர்கள் அதனைக் கேட்டனர். ஹார்வி பிளெட்சர் என்னும் அறிஞர் தலைமையில் நடந்த அந்த ஏற்பாட்டில் இடம், நடு, வலம் என மூன்று தனித்தனி வழிகளில் ஒலி சென்றது. இரண்டே வழி வைத்தால் அகன்ற மேடையின் நடுப்பகுதி வெறுமையாகிவிடும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். சினிமாக் கொட்டகைகளும் அவ்வழியே சென்றன. திரைச்சீலையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இட்டு, அதன் பின்னே நடுவில் ஸ்பீக்கரை நிறுத்தி, நடிகரின் பேச்சை அங்கிருந்தே வரச் செய்தனர். 1992-க்குப் பின் பரவிய டால்பி டிஜிட்டல் முறையிலும் அதுவே நியதி. நம் தமிழ்ப் படங்களில் 1995-ல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஒலியமைப்போடு வெளியாயிற்று. இன்று வீட்டில் நாம் காணும் படத்திலும் வசனத்தின் பெரும்பகுதி நடு வழியில்தான் பதிவாகியிருக்கிறது.

அந்த நடு ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் வசனம் என்னவாகிறது? ரிசீவர் அதனைக் கைவிடுவதில்லை. பாதி இடத்துக்கும் பாதி வலத்துக்கும் பகிர்ந்து அனுப்புகிறது. சரியாக நடுவில் அமர்ந்தவருக்கு, குரல் டி.வி.யிலிருந்தே வருவதுபோல் ஒரு மாயத்தோற்றம் உண்டாகும். அந்த மாயத்துக்கு ஒரு விலை உண்டு. இடது ஸ்பீக்கரின் ஒலி இடக்காதை முதலில் அடைகிறது. வலது ஸ்பீக்கரின் அதே ஒலி, தலையைச் சுற்றிக்கொண்டு, வினாடியில் ஏறத்தாழ 4000-ல் ஒரு பங்கு தாமதித்து அதே காதை அடைகிறது. அந்தத் தாமதம் 2000 ஹெர்ட்ஸ் அதிர்வுக்குச் சரியாக அரை அலை ஆகும். ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் கூடி ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே அந்த 2000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி மெலிந்துபோகிறது. நடுவில் அமராமல் ஓரத்துக் கட்டிலில் இருப்பவருக்கோ குரல் திரையை விட்டே நகர்ந்து, அருகிலுள்ள ஸ்பீக்கருக்குள் புகுந்துகொள்ளும். வீட்டில் நடு நாற்காலி முதியோருக்குக் கிடைப்பது அரிது என்பதை நான் சொல்ல வேண்டுமா?

பேச்சில் உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. ஒரு மெய்யை மற்றொரு மெய்யினின்று பிரித்துக் காட்டும் அடையாளமோ பெரிதும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் மெல்லியதாக நிற்கிறது. முதுமையில் முதலில் குறைவதும் உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் திறனே. எங்கள் டிக்கெட் கௌண்டரில் இதனை நாள்தோறும் காண்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் "சித்தூர்" என்பார், "புத்தூர்" என்று கேட்கும். "கூடூர்" என்பார், "குண்டூர்" என்று கேட்கும். ஊர் மாறினால் பணமும் பயணமும் மாறுமாதலால் மறுமுறை கேட்டே டிக்கெட் தருகிறோம். கூடம் முழுதும் மின்விசிறியும் அறிவிப்பும் இரைந்துகொண்டிருக்க, எனக்கு நேரே இருக்கும் கையளவு ஸ்பீக்கர் ஒன்றுதான் அவ்வூர்ப் பெயரைக் காப்பாற்றித் தருகிறது. அது பெரிதாக ஒலிப்பதில்லை, நேராக ஒலிக்கிறது.

தமிழ் வீட்டுக்கு இதில் தனியான அக்கறை ஒன்று உண்டு. ல, ள, ழ என்னும் மூன்றையும் காது வேறுபடுத்தி அறிவதற்குரிய அடையாளங்களில் முக்கியமானவை அந்த 2000 ஹெர்ட்ஸை அடுத்தே இருக்கின்றன. சித்தூர், திருப்பதிப் பிள்ளைகள் லகரமும் ளகரமும் தெலுங்கில் கேட்டுப் பழகுகிறார்கள். இக்காலத் தெலுங்கில் ழகரம் இல்லை. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தபோது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அது முதல் இங்குள்ள பல குடும்பங்களில் தமிழ் பெரிதும் வீட்டுக்குள் பேசும் மொழியாகிவிட்டது. பாட்டியின் வாயிலும் டி.வி.யிலும் அல்லாமல் வேறெங்கே ஒரு சிறுவன் 'வாழை', 'மழை', 'கிழவி' என்பவற்றைத் தெளிவாகக் கேட்கப் போகிறான்? டி.வி.யில் வரும் குரலும் குழறிப்போனால் மிஞ்சுவது பாட்டி ஒருவரே. ஆகையால் சப்-ஊஃபரின் அதிர்ச்சியைவிட நடு ஸ்பீக்கரின் தெளிவு நமக்குப் பெரிது என்பேன்.

இனிக் காரியத்துக்கு வருவோம். முதலில் ரிசீவரின் பின்புறத்தைப் பாருங்கள். 'சென்டர்' என்று எழுதிய சிவப்பு, கறுப்பு முனைகள் இரண்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். உள்ளதாயின் மிக நன்று. 1987-ல் வந்த புரோ லாஜிக் முறை மட்டும் உள்ள பழைய கருவியானாலும் பாதகமில்லை. இடத்திலும் வலத்திலும் பொதுவாக உள்ள ஒலியைப் பிரித்தெடுத்து அது நடுவுக்கு அனுப்பும். அத்தகைய முனையே இல்லாமல், சப்-ஊஃபர் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயரை அடக்கிய நான்கு ஸ்பீக்கர் செட் ஆனால், அதில் நடு ஸ்பீக்கருக்கு வழியில்லை. இட வயரையும் வல வயரையும் ஒன்றாக முறுக்கி நடுவே ஒரு ஸ்பீக்கரைக் கோத்துத் தருகிறேன் என்று கூறும் மெக்கானிக்குகள் உண்டு. அருள்கூர்ந்து இடம் கொடாதீர்கள். இரண்டு வெளியீடுகளை ஒன்றோடொன்று கட்டினால் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகக்கூடும். அவ்வகைச் செட் உள்ளவர்கள் மட்டும் புதியது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வாங்குமுன் அது நடு வழி உள்ளதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட ஒற்றைப் பெட்டியாக விற்கும் சவுண்ட்பார்கள் சிலவற்றில் இடமும் வலமும் மட்டுமே உண்டு.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே விதி: முன் ஸ்பீக்கர் இரண்டோடும் குரல் ஒத்திருக்க வேண்டும். அதே கம்பெனியின் அதே வரிசையைச் சேர்ந்த நடு ஸ்பீக்கர் பழையதாகக் கிடைத்தால் அதுவே உத்தமம். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, அரக்கோணம் வழியே சென்னை செல்லும் அன்பர்கள் ரிச்சித் தெருவில் ஒரு பகல் செலவிடலாம். முன் ஸ்பீக்கரின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு செல்லுங்கள். அது கிடையாவிடில், முன்னுள்ளதைப் போன்ற சிறு ஸ்பீக்கர் ஒன்றைத் தனியாக வாங்கி, நிமிர்த்தியே வைக்கலாம். படுக்கை வாட்டத்தில் இரு ஓரங்களிலும் ஊஃபர் கொண்ட பெட்டிகள் காட்சிக்கு அழகானவை. ஆனால் ஓரத்தில் அமர்பவருக்கு அவ்விரண்டு ஊஃபர்களின் ஒலியும் ஒன்றையொன்று தின்னும் பழைய கதை சிறிது திரும்ப நேரும். ஸ்பீக்கரின் ஓம் எண், ரிசீவரின் பின்னே அச்சிட்டுள்ள எண்ணுக்குக் குறையலாகாது.

டி.வி.யின் கீழே, பலகையின் விளிம்புவரை முன்னுக்கு இழுத்து, அமர்ந்தவரின் காதை நோக்கிச் சற்று நிமிர்த்தி வையுங்கள். மூடிய அலமாரிக்குள் செருகினால் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். பழைய குழாய் டி.வி. இன்னும் உள்ளவர்கள் காந்தத் தடுப்பு உள்ள ஸ்பீக்கரே வாங்க வேண்டும், இல்லையேல் திரையில் நிறம் கலங்கும். வயரின் சிவப்பு முனை சிவப்புக்கே போக வேண்டும். மாறினால் ஒலி பள்ளத்திலிருந்து வரும்.

பின்னர் ரிசீவரின் ஸ்பீக்கர் பட்டியலில் சென்டர் 'நன்' என்றிருப்பதை 'ஸ்மால்' என்று மாற்றுங்கள். இதனைச் செய்யாவிடில் புது ஸ்பீக்கர் ஊமையாகவே இருக்கும். தாழ்ந்த ஒலியைப் பிரிக்கும் எல்லை 80 ஹெர்ட்ஸ் போதும். இருக்கையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை அடி தூரம் என்பதை அளந்து குறியுங்கள். பின் சோதனை இரைச்சலை ஓடவிட்டு எல்லாவற்றையும் ஒரே அளவாக்குங்கள். முதியோர் உள்ள வீட்டில் நடுவை மட்டும் 2 டெசிபல் கூட்டி வைப்பதில் குற்றமில்லை. 'நைட்' என்றொரு ஏற்பாடு இருந்தால் அதனையும் போடுங்கள். இடியை அடக்கிப் பேச்சை உயர்த்தும், அடுத்த வீட்டாரும் உறங்குவர்.

பழைய ரிசீவருக்கும் புதிய தட்டை டி.வி.க்கும் இடையே ஆப்டிகல் வயர் இருந்தால், டி.வி.யின் ஒலி வெளியீடு 'பி.சி.எம்.' என்றிருக்கிறதா என்று பாருங்கள். அவ்வயரில் பி.சி.எம். இரண்டு வழி மட்டுமே செல்லும். 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றினால்தான் தனி நடு வழி வரும். தொடர்களும் செய்திகளும் பெரும்பாலும் இரண்டு வழியிலேயே வருகின்றன. அவற்றுக்கு ரிசீவரில் புரோ லாஜிக்கைத் தேர்ந்துகொள்க.

கிரானைட் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள கூடத்தில் ஒரு ஜமக்காளமும் கனத்த திரையும் எதிரொலியைக் குறைக்கும். இத்தனையும் செய்த பின்னரும் தாயாருக்கு எதிரில் இருப்பவர் பேச்சே விளங்கவில்லையெனில் அது ஸ்பீக்கரின் குறை அன்று. சித்தூரிலிருந்து வேலூர் தொலைவில்லை. கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காதுப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

பின் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிவிடலாமா என்றும் அன்பர் கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை. கட்டிலுக்கு மிக அருகில் இருக்கும் ஒன்றை மட்டும் சுவரில் சற்று உயர்த்தி மாட்டிவிடுங்கள்.