ஆமைக்குக் கஷாயம் கேட்டு வந்தார்கள்!

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது காலம் மாறிவிட்டது. வாஸ்து என்ற பேரில் பித்தளை ஆமையை வாங்கி ஹாலில் வைக்கிறோம். சிலர் அதோடு நிற்பதில்லை. உயிருள்ள ஆமையையே கொண்டுவந்து வளர்க்கிறார்கள். ஆமை வந்தால் வீட்டுக்குக் கேடா, லாபமா... அந்தச் சர்ச்சைக்குள் நான் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த ஆமைக்குக் கேடு வருவதை இரண்டு முறை கண்ணால் பார்த்துவிட்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் சித்த வைத்தியம் பார்ப்பவன் நான். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று உழைக்கிற ஜனங்கள். கந்தக பூமி, வறண்ட காற்று. சித்திரை பிறந்துவிட்டால் நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் என் வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

அப்படி ஒரு சித்திரையில் ஓர் அம்மா வந்தார். கூடவே ஏழாவது படிக்கிற மகன். அவன் கையில் காலண்டர் அடுக்குகிற அட்டைப்பெட்டி. திறந்தால் உள்ளே ஒரு நட்சத்திர ஆமை!

"டாக்டர், உங்க சிறுபீளைக் கஷாயத்துலதான எனக்குக் கல்லு விழுந்துச்சு? இதுக்கும் அதையே குடுங்க. நாலு நாளா முக்குது, ஒண்ணும் போக மாட்டேங்குது. பின்னங்கால வேற இழுக்குது."

"செத்துப் போயிருமா டாக்டர்?" என்றான் பையன்.

கஷாயம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு நெஞ்சு திக்கென்றது. காரணம் இருக்கிறது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஓர் ஆமையை ஒரு நண்பர் கொண்டுவந்தார். 'உயிர் எல்லாம் ஒன்றுதானே, மனுஷனுக்குக் கேட்கிற மருந்து இதற்குக் கேட்காதா' என்று நினைத்துவிட்டேன். சிறுபீளையும் நெருஞ்சிலும் போட்டுக் கஷாயம் வைத்து, இங்க் ஃபில்லரில் பத்து நாள் சொட்டுச் சொட்டாக விட்டோம். பதினோராம் நாள் ஆமை கழுத்தை நீட்டிவிட்டது. கால்நடை மருத்துவர் ஒருவர் அறுத்துப் பார்த்தார். மூத்திரப்பையில் கோழி முட்டை அளவுக்கு ஒரு வெள்ளைக் கல்! அவர் என்னைத் திட்டவில்லை. "முதல் நாளே வந்திருந்தா எடுத்திருக்கலாம் சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

கஷாயம் ஏன் கேட்கவில்லை?

நமக்கு வருகிற கல் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் ஆக்சலேட் என்ற உப்பும் சேர்ந்தது. சிறுநீரகத்தில் உருவாகும். ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்டதாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே நழுவி விழுந்துவிடும். நீரைப் பெருக்குகிற சிறுபீளை, நெருஞ்சில், மாவிலங்கப்பட்டை எல்லாம் அதற்குத் துணை நிற்கின்றன. எங்கள் ஊர்ப் பட்டாசுக்கு வேகம் கொடுக்கிற வெடியுப்பையே முறைப்படி சுத்தி செய்து, சுண்ணமாக்கி நீரடைப்புக்குத் தருவதும் சித்த மருத்துவத்தில் உண்டு. (அதற்காகப் பட்டாசு வெடியுப்பை யாரும் வாயில் போட்டுவிடாதீர்கள்!)

ஆமையின் கதை வேறு. வறண்ட நிலத்தில் வாழப் பிறந்த ஜீவன் அது. தண்ணீர் வீணாகக் கூடாது என்பதற்காக உடம்பின் கழிவை நம்மைப் போல நீராகக் கரைத்து வெளியேற்றாமல், பெரும்பகுதியை வெள்ளைப் பசையாக வெளியேற்றுகிறது. யூரிக் அமில உப்பு அது. மூத்திரப்பைதான் அதற்குத் தண்ணீர்த் தொட்டி. தாகம் எடுத்தால் அந்தத் தொட்டியிலிருந்தே உடம்பு நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் 'ஆமையைக் கையில் தூக்காதீர்கள்' என்று எச்சரிக்கிறார்கள். ஏன் தெரியுமா? பயந்துபோய் அது மூத்திரம் பெய்துவிட்டால், சேமித்த தண்ணீர் மொத்தமும் போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இப்போது நம் வீட்டு அட்டைப்பெட்டிக்கு வாருங்கள். வெளியே கொளுத்துகிற வெயில். பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் கிடையாது. 'ஆமைக்குத் தண்ணி வேண்டாம்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சாப்பாடு? பிஸ்கட், பால் சோறு, பாசத்தில் அவித்த முட்டை! புரதம் கூடக் கூட யூரிக் அமிலமும் கூடும். தொட்டியில் நீர் குறையக் குறைய வெள்ளைப் பசை இறுகும். வெங்காயத்தில் தோல் மேல் தோல் இருப்பது போல அடுக்கடுக்காக ஏறிக் கல்லாகிவிடும். அந்த அளவு வளர்ந்த கல் சின்னத் துவாரம் வழியாக எப்படி வெளியே வரும்? கஷாயம் கரைக்கிற கல் இல்லை அது. வலுக்கட்டாயமாக வாயில் விடுகிற மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் அதுவே எமன்.

கத்திதான் வைத்தியம்

அந்த அம்மாவிடம் தெளிவாகச் சொன்னேன்: "தாயி, இது என் கைக்கு உட்பட்ட வியாதி இல்லை. இப்பவே மாட்டு டாக்டர்கிட்ட போகணும். நானும் வர்றேன்."

எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது, வெள்ளை வட்டம். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். சின்னக் கல் என்றால் துவாரம் வழியாகவோ, பின்னங்காலுக்கு முன்னால் உள்ள மெத்தென்ற இடத்தைத் திறந்தோ எடுத்துவிடலாமாம். இது பெரிசு. அடி ஓட்டில் சதுரமாக ஒரு ஜன்னல் அறுத்து, மூத்திரப்பையைத் திறந்து, கல்லை எடுத்து, தைத்து, அதே ஓட்டுத் துண்டைத் திரும்பப் பொருத்திப் பிசின் போட்டு மூடினார்கள். தச்சு வேலை போல இருந்தது!

ஆபரேஷனோடு முடிந்துவிடுவதில்லை. நம் வீட்டில் ஒருவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தால் எத்தனை நாள் பக்குவம் பார்க்கிறோம்? ஆமைக்கு அதைவிட அதிகம். வலிக்கும் கிருமிக்கும் ஊசி. கதகதப்பான, சுத்தமான இடம். தானாகச் சாப்பிடும் வரை டாக்டர் கண்காணிப்பு. ஓட்டு எலும்பு கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அவசரப்பட்டுப் பிசினைப் பெயர்க்கக் கூடாது. டாக்டர் சொல்லும் வரை தண்ணீரில் விடவும் கூடாது. பழைய பழக்கமே தொடர்ந்தால் கல் திரும்பவும் வரும்.

அது நம் பிள்ளை இல்லை

அந்தப் பையனுக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்த விஷயம் இன்னொன்று உண்டு. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. திருட்டுத்தனமாக வெளிநாட்டுக்குக் கடத்துவது அதிகமானதால் 2019-ல் சர்வதேச வியாபாரத்துக்கும் கடும் தடை வந்துவிட்டது. வனத்துறைக்குத் தகவல் கொடுத்தோம். ஆமையை அவர்கள் பொறுப்பில் ஒப்படைத்தோம். பையன் அழுதான். "அதுக்கு வலி போச்சுல்ல, அதுக்குச் சந்தோஷப்படு" என்றேன். வேறென்ன சொல்ல?

வாசகர்களில் யார் வீட்டிலாவது நட்சத்திர ஆமை இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பழக்கமில்லாத இடத்தில் அது பிழைக்காது. அதன் நோய் மற்ற ஆமைகளுக்கும் பரவும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. வைத்தியத்துக்கு உள்ளூர் கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

வெளிநாட்டு இன ஆமை வளர்ப்பவர்களும் கவனியுங்கள். பாதுகாக்கப்பட்ட வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகள் வந்துவிட்டன. பதிவு செய்துவிட்டு, நிலத்து ஆமையாக இருந்தால் இதையும் செய்யுங்கள்: எப்போதும் தண்ணீர்த் தட்டு இருக்கட்டும். வாரம் இரண்டு மூன்று முறை, கழுத்துக்குக் கீழே நிற்கிற அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் விடுங்கள். அதில் குடிக்கும், கழிவையும் வெளியேற்றும். அருகம்புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி போதும். பால், முட்டை, பிஸ்கட், நாய்த் தீனி வேண்டவே வேண்டாம். முக்கினாலோ, சாப்பிட மறுத்தாலோ, பின்னங்காலை இழுத்தாலோ, கழிவில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆமையோட்டைப் பற்பமாக்கிக் குழந்தைகளுக்குத் தருவது எங்கள் மருத்துவத்தில் உள்ளதுதான். பாளையங்கோட்டைக் கல்லூரியில் நானும் படித்தேன். ஆனால் நான் செய்வதில்லை. அழிந்துகொண்டிருக்கிற ஓர் உயிரின் ஓட்டைத் தேடி அலைவது இந்தக் காலத்துக்கு வைத்தியம் ஆகாது. மாற்று மூலிகைகள் நம்மிடம் ஏராளம்.

ஆமைக்கும் அம்மாவுக்கும் ஒரே கணக்கு

ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும்போது அந்த அம்மாவிடம் கேட்டேன்: "உங்களுக்கு மறுபடி வலி வந்துச்சா?"

தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு தடவை வந்துச்சு டாக்டர். ஆலையில தண்ணி குடிச்சா அடிக்கடி எந்திரிச்சுப் போகணும். பீஸ் ரேட்டு வேலை, எந்திரிச்சா கூலி குறையும். பாத்ரூமும் அப்படி இப்படித்தான் இருக்கும். அதான் காலையில ஒரு டம்ளரோட சரி."

அட்டைப்பெட்டிக்குள் தண்ணீர் இல்லாமல் இருந்த ஆமை ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

கல்லடைப்புக்கு ஆயிரம் மருந்து சொல்லலாம். என் கஷாயம் குடித்துக் கல் விழுந்தது என்று சொல்பவர்களிடம், 'பாதிப் புகழ் அந்தக் கஷாயத்தில் இருந்த தண்ணீருக்குத்தான்' என்று நானே சொல்வதுண்டு. நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் கழிகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். நம் வெயிலுக்கு அதற்கு மூன்று லிட்டராவது உள்ளே போனால்தான் கட்டுப்படி ஆகும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். வலியோடு காய்ச்சலும் வந்தாலோ, நீரே இறங்காவிட்டாலோ கஷாயத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அச்சகமோ ஆலையோ நடத்துபவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். குடிதண்ணீரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சட்டத்துக்காக ஒரு கதவும் தாழ்ப்பாளும் வைத்தால் போதாது. எழுந்து போய் வருகிற ஐந்து நிமிஷத்துக்கு முகம் சுளிக்காமலும் இருக்க வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். வளர்க்கிற ஜீவன் எதுவானாலும் அதன் தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள். அப்புறம், வீட்டில் சமையலறையே கதியென்று கிடக்கிறவர்களிடமும், வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களிடமும் கேளுங்கள்: "இன்னைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சே?"