"அதனால்" என்று எழுதுவதற்கு முன்

சாதாரண தர விடைத்தாள்களில் நாம் அடிக்கடி காணும் வசனம் ஒன்று: "காடுகளை அழிப்பதால் வெள்ளம் ஏற்படுகின்றது." பிழையில்லை. ஆனால் "அது எப்படி?" என்று கேட்டால் பிள்ளை முழிக்கும். மரம் வெட்டியதற்கும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்கும் இடையில் நடந்தது எதுவும் அந்த வசனத்தில் இல்லை.

இது பரீட்சைப் புள்ளியோடு முடிகிற விசயம் என்றால் இங்கே எழுதத் தேவையில்லை. ஊருக்காக மகஜர் எழுதும்போதும் இதே குறைதான் நம்மைத் தோற்கடிக்கிறது.

ஒலுவிலை எடுத்துக்கொள்வோம். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். "துறைமுகம் வந்தது, அதனால் கரை போனது" என்று எழுதினால் நமக்கு விளங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "கடலரிப்பு இயற்கையானது, எல்லா இடத்திலும் நடக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்தது என்பது மட்டும் காரணமாகிவிடாது.

அதையே படிப்படியாக எழுதிப் பாருங்கள். நமது கிழக்குக் கரையில் அலைகள் சரிந்து வந்து மோதுகின்றன. அதனால் மணல் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட கல்லணைகள் அந்த மணலை மறிக்கின்றன. வடக்குப் பக்கத்தில் கடல் வழமைபோல் மணலை எடுக்கிறது, ஆனால் எடுத்ததை நிரப்ப மணல் வருவதில்லை. ஆகவே கரை பின்வாங்குகிறது; தென்னைகளும் தோணி இழுத்து வைக்கும் இடமும் போகின்றன.

இப்போது இயற்கை என்ற பதிலுக்கு நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது. இயற்கைதான் என்றால் தெற்குப் பக்கத்தில் மணல் ஏன் சேர்ந்தது? துறைமுக வாய் ஏன் மணலால் அடைபட்டது? கரை போனதும் வாய் அடைபட்டதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். இப்படி எழுதிய மகஜருக்கு ஒரே வரியில் பதில் சொல்வது கஷ்டம்.

இடையில் உள்ள கண்ணிகளைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று நமது சமூகத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், கொத்துரொட்டியில் மலட்டுத்தன்மைக்கு மருந்து கலந்ததாக ஒரு கதை கிளம்பியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. அப்படி ஒரு மருந்து உலகத்தில் இருக்கிறதா என்று அன்றிரவு ஒருவர்கூட நின்று கேட்கவில்லை.

2020 ஏப்ரலில் கொரோனா ஜனாஸாக்களை எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உடலிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து இன்னொரு மனிதனுக்கு நோய் எப்படிப் போகும் என்று எந்தக் கண்ணியையும் நிரூபித்துக் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்றே சொல்லியிருந்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி கிடைத்தது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் சாம்பலைப் பார்த்து அழுதன!

அந்த வலியை அறிந்த நாம், வட்ஸ்அப்பில் வரும் "இதைச் சாப்பிட்டால் இந்த நோய் வரும்", "இன்னார் வந்ததால்தான் ஊர் கெட்டது" என்பவற்றை அப்படியே அனுப்பலாமா?

எழுதும்போது மூன்று கேள்விகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் என்ன நடந்தது? அந்தக் காரணம் இல்லாத இடத்திலும் இதே விளைவு வந்திருக்கிறதா? வேறு காரணம் இருக்க முடியுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஆகையால், எனவே, ஆதலால்" என்று இணைப்புச் சொற்களைப் பாடமாக்கக் கொடுப்பதோடு நிறுத்த வேண்டாம். அந்தச் சொல்லுக்கு முன்னால் இரண்டு வசனம் கூடுதலாக எழுதச் சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை வீட்டில் ஒரு காரணம் சொன்னால் "அது எப்படி மகன்?", "அது எப்படி மகள்?" என்று கேளுங்கள். நாளை நமது ஊருக்காக மகஜர் எழுதப்போவதும் அந்தப் பிள்ளைகள்தான்.